உடன்வந்த உரிமமும் தனியே வாங்கிய உரிமமும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வந்து தங்கியிருக்கும் நமக்கு, எடுத்துக்கொண்டு போகக்கூடிய பொருள் எது, விட்டுவிட்டுப் போகவேண்டிய பொருள் எது என்னும் கணக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாடகை வீட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கட்டிலும் பீரோவும் வண்டியில் ஏறுகின்றன. சுவரில் பதித்த அலமாரி அங்கேயே நின்றுவிடுகின்றது. அதற்காக நாம் வருந்துவதில்லை. அது நமதன்று என்பது குடிவந்த நாளிலேயே தெரிந்த செய்தி. ஆனால், விலை கொடுத்து வாங்கினோம் என்று எண்ணியிருந்த பொருளொன்று அந்தச் சுவர் அலமாரியின் இனத்தைச் சேர்ந்தது எனப் பின்னொரு நாள் தெரியவந்தால் மனம் எப்படியிருக்கும்? கணினியோடு சேர்ந்து வரும் மென்பொருள் அத்தகைய பொருள்களுள் ஒன்று. அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றோம்.

பெங்களூரில் ஈஜிபுரா என்றொரு பகுதி உண்டு. ஒருபுறம் விவேக்நகர்க் குழந்தை ஏசு ஆலயம். மறுபுறம் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த கோரமங்கலா. ஈஜிபுராச் சந்திப்பிலிருந்து மத்திய அரசு அலுவலகங்கள் இருக்கும் கேந்திரீய சதன் வரையில் 2017-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மேம்பாலப் பணி, ஆண்டுக்கணக்கில் நீண்டு, அவ்வழியே நாள்தோறும் போய்வருவோரின் பொறுமையை நன்றாக அளந்து பார்த்தது. அதன் சந்துகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அங்கே, குடியாத்தத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் ஒரு சிறு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கின்றார். நகல் எடுப்பது, புகைப்படம் அச்சிடுவது, லாமினேஷன் போடுவது ஆகியவற்றோடு, கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் மனு எழுதித் தருவதும் அவர் தொழில். கன்னட மனுவுக்கு 'நுடி' என்னும் எழுத்து மென்பொருள் வேண்டும். கன்னட கணக பரிஷத்து ஆக்கியளித்தது அது. அதை அவர் விண்டோஸில் வைத்துத்தான் பழகியிருந்தார்.

மழைக்காலத்து இரவொன்றில் மின்சாரம் போய், போன வேகத்திலேயே திரும்பி வந்தது. மறுநாட் காலையில் அவருடைய கணினி எழவில்லை. பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் கணினி. வாங்கும்போதே விண்டோஸ் உள்ளிருந்தது. உத்தரவாதக் காலம் முடிந்துபோயிற்று. எஸ்.பி. சாலையிலிருந்து வந்த பழுதுபார்ப்பவர், மதர்போர்டு எரிந்துவிட்டது என்றும், அந்த நிறுவனத்துப் போர்டு கிடைக்காது என்றும் சொல்லி, அளவு ஒத்த வேறொரு போர்டை அதே பெட்டியில் பொருத்திக் கொடுத்தார். கணினி எழுந்தது, கோப்புகள் யாவும் இருந்தன. ஆனால், திரையின் மூலையில், விண்டோஸைச் செயல்படுத்திக் கொள்ளவும் என்னும் எழுத்துக்கள் தோன்றி அகல மறுத்தன. பெட்டியின் முதுகில் ஒட்டிய வில்லையைப் பார்த்தார். அதில் விண்டோஸ் என்னும் பெயர் இருந்தது, எண் இல்லை.

மாலையில் நம்மிடம் வந்து அவர் கேட்ட கேள்வி இது: "அண்ணா, கணினி வாங்கிய பில் என்னிடம் இருக்கிறது. விண்டோஸுக்கும் சேர்த்துத்தானே பணம் கொடுத்தேன்? போர்டு எரிந்தால் விண்டோஸும் எரிந்துவிடுமா?"

எரிந்துவிடும் என்பதே ஏறக்குறைய விடை. அவ்விடை அவருக்குப் பிடிக்கவில்லை, நமக்கும் பிடிக்கவில்லை. ஆயினும் அது எப்படி என்பதைக் கூறவேண்டும்.

மென்பொருள் நிறுவனம் ஒரே மென்பொருளை இரண்டு வாயில்களின் வழியே வெளியிடுகின்றது. ஒன்று, கணினி செய்யும் நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பது. கடைத்தெருவில் இதனை ஓ.ஈ.எம். லைசென்ஸ் என்பர், மூலக் கருவி உற்பத்தியாளருக்கு உரிய உரிமம் என்பது அதன் பொருள். மற்றொன்று, தனியே பெட்டியாகவோ எண்ணாகவோ நம் போன்றோருக்குச் சில்லறையில் விற்பது. திரையில் தோன்றும் உருவத்திலும் வேலை செய்யும் திறத்திலும் இரண்டுக்கும் வேறுபாடு காண முடியாது. வேறுபாடு முழுவதும், எவரும் படிக்காமல் 'ஒப்புகிறேன்' என்று அழுத்திவிடும் அந்த நீண்ட ஒப்பந்தத்தில் இருக்கின்றது.

அரசுப் பணியில் இருப்போர்க்கு ஓர் உவமையால் இதனை எளிதில் விளக்கலாம். பதவியோடு சேர்ந்து கிடைக்கும் அரசுக் குடியிருப்பு ஒன்று. நம் பெயரில் நாமே ஒப்பந்தம் எழுதி எடுத்துக்கொள்ளும் வாடகை வீடு மற்றொன்று. குடியிருப்புக்கு வாடகை குறைவு. ஆனால் பதவி போனால் வீடும் போயிற்று. நாமே எடுத்த வீட்டுக்கு வாடகை மிகுதி. எந்த அலுவலகத்துக்கு மாறினாலும் அந்த வீட்டிலேயே இருக்கலாம். உடன்வரும் உரிமம் குடியிருப்பைப் போன்றது: எந்தக் கணினியோடு வந்ததோ அந்தக் கணினியோடு வாழ்ந்து, அதனோடு முடிவது. அந்தக் கணினியைப் பிறருக்கு விற்றால் உரிமமும் சேர்ந்து போகும். தனியே பிரிந்து வேறொரு கணினிக்குப் போகாது. தனியே வாங்கிய உரிமத்தை ஒரு கணினியிலிருந்து நீக்கி, நமது வேறொரு கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு சமயத்தில் ஒன்றில்தான் இருக்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இவ்வுவமையில் மறக்கக்கூடாத ஒன்று உண்டு: இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர் வேறொருவரே.

இடர் நேரும்போது யாரை அழைப்பது என்பதிலும் இவை வேறுபடும். தனியே வாங்கியதாயின் மென்பொருள் நிறுவனம் பதில் சொல்லும். உடன்வந்ததாயின், 'கணினி செய்தவரைக் கேளுங்கள்' என்று அது கைகாட்டிவிடும். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள இடைவெளியில் இந்தப் பொறுப்பும் ஒரு பங்கு.

சரி, கணினி என்று எதைச் சொல்வது? பெட்டியையா, திரையையா, தட்டச்சுப் பலகையையா? நினைவகத்தை மாற்றலாம், வட்டை மாற்றலாம், உரிமம் பிழைக்கும். மதர்போர்டை மாற்றினால் அது புதிய கணினி என்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கொள்கை. பழுதுபட்ட போர்டுக்கு ஈடாக, கணினி செய்த நிறுவனத்தின் அதே வகைப் போர்டையோ அந்நிறுவனம் அதற்கு ஒப்பானது என்று கொள்ளும் போர்டையோ வைத்தால் பழைய உரிமம் தொடரும். நம் நண்பர்க்கு அந்த வழி அடைபட்டதற்குக் காரணம் எஸ்.பி. சாலைப் போர்டுதான். பழுதுபார்ப்பவர் செய்ததில் குற்றம் காணவும் வழியில்லை. கிடைத்ததைப் பொருத்தினார், கடை மறுநாளே நடந்தது.

முற்காலத்தில் இவ்வளவு இறுக்கம் இல்லை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி தொடங்கித்தான் செயல்படுத்தல் என்னும் சடங்கு பொதுமக்களின் கணினிக்கு வந்தது. அப்போதும் 25 எழுத்துக்கள் கொண்ட எண் பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருந்தது. தேய்ந்து போகும் முன் குறித்துக்கொண்டால் போதும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது பெரிய நிறுவனங்கள் அவ்வெண்ணை வில்லையிலிருந்து எடுத்து மதர்போர்டின் உள்ளேயே பொறித்து வைக்கலாயின. திருடுவது கடினமாயிற்று; மீண்டும் விண்டோஸை நிறுவும்போது எண்ணைத் தேடி அலையும் தொல்லையும் நீங்கிற்று. போர்டு எரிந்தால் எண்ணும் எரியும் என்பது இவ்வசதியின் மறுபக்கம். ஆகவே, நண்பர் வேடிக்கையாகக் கேட்ட கேள்வி, எழுத்துக்கு எழுத்து உண்மையாகவே இருந்தது!

மென்பொருளை எந்திரத்தோடு கட்டி விற்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கலாம். தொடக்கத்தில் கட்டி விற்பதே வழக்கம். பிரித்து விற்பதுதான் புதுமை. ஐ.பி.எம். நிறுவனம் 1969 ஜூன் மாதத்தில்தான், இனி மென்பொருளுக்குத் தனி விலை என்று அறிவித்தது. அதற்கு முன் எந்திரத்தின் விலைக்குள் அது அடக்கம். 1981-இல் அதே ஐ.பி.எம்.மின் தனியாள் கணினி வெளிவந்தபோது, அதற்கான இயங்குதளத்தை மைக்ரோசாப்ட் கொடுத்தது. மைக்ரோசாப்ட் அதற்கு அடிப்படையை சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்னும் சிறு நிறுவனத்திடமிருந்து வாங்கியது. விற்ற நிறுவனம், தான் செய்யும் கணினிகளோடு அம்மென்பொருளைக் கட்டணமின்றிச் சேர்த்துக் கொடுக்கும் உரிமையைத் தனக்கென வைத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் அதன் கணினி வாணிகம் நலிந்தது. கையில் மிஞ்சிய அந்த உரிமைக்கோ பெருமதிப்பு ஏறியிருந்தது. அதனை வேறொருவர்க்கு விற்கலாமா, கூடாதா என்று வழக்கு எழுந்தது. 1986-இல் 9,25,000 டாலர் கொடுத்து மைக்ரோசாப்ட் அவ்வுரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஈஜிபுராவில் நம் நண்பர் கேட்ட கேள்விக்கும் அந்த வழக்குக்கும் வேர் ஒன்றே: எந்திரத்தோடு கட்டிய உரிமத்தை எந்திரத்திலிருந்து அவிழ்க்கலாமா?

இன்னொன்றும் நடந்தது. கணினி நிறுவனங்கள் தாம் விற்கும் ஒவ்வொரு செயலிக்கும், அதில் மைக்ரோசாப்டின் மென்பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டணம் கொடுக்கும்படி ஒப்பந்தம் இருந்தது. வேறொருவரின் மென்பொருளை விரும்பியவரும் மறைமுகமாக இதற்கும் பணம் கட்டினார். அமெரிக்க நீதித்துறை தலையிட, 1994 ஜூலையில் மைக்ரோசாப்ட் அம்முறையைக் கைவிட ஒப்புக்கொண்டது. இன்று நம் கடைகளில் 'டாஸ்' மட்டும் வைத்த, அல்லது லினக்ஸ் வைத்த மடிக்கணினி சற்றுக் குறைந்த விலையில் கிடைக்கின்றது என்றால், கட்டாயமாகக் கட்டி விற்பதற்கு ஒரு வரம்பு விழுந்ததே அதற்கு ஒரு காரணம்.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடம் கொடுக்க வேண்டுகின்றோம். மொழிபெயர்ப்பே நமக்குத் தொழில் ஆதலால், சொல் தடுக்கும் இடத்தில் கால் நின்றுவிடுகின்றது. தமிழில் உரிமை என்பது வேறு, உரிமம் என்பது வேறு. ஒரு மகர மெய்யில் எவ்வளவு தூரம்! உரிமை உள்ளவர் எவரையும் கேட்க வேண்டுவதில்லை. உரிமம் பெற்றவர், கொடுத்தவர் சொன்ன எல்லைக்குள் நடக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்க்குச் சாலை சொந்தமாகிவிடுவதில்லை. நண்பர் கையிலிருந்த பில் கணினியின் மீது அவருக்குள்ள உரிமையைக் காட்டிற்று. மென்பொருளின் மீது காட்டியது உரிமத்தையே.

ஆனால், சட்டம் இந்த இடத்தில் அவ்வளவு எளிதாக நின்றுவிடவில்லை. பெட்டியில் அடைத்து விற்கும் மென்பொருள் விற்பனை வரிக்கு உட்பட்ட சரக்கே என்று 2004 நவம்பரில், டாடா கன்சல்டன்சி நிறுவனத்துக்கும் ஆந்திர மாநிலத்துக்கும் இடையிலான வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. பின்னர், பெங்களூரைச் சேர்ந்த 'என்ஜினியரிங் அனாலிசிஸ் சென்டர் ஆப் எக்ஸலன்ஸ்' என்னும் நிறுவனத்தின் பெயரால் அறியப்படும் பெருவழக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து மென்பொருளை வாங்கி இங்கே விற்கும்போது, வெளிநாட்டார்க்குக் கொடுக்கும் பணம் பதிப்புரிமைக்கான ராயல்டியா, சரக்கின் விலையா என்பது கேள்வி. ராயல்டி என்றது வருமான வரித்துறை. கர்நாடக உயர்நீதிமன்றமும் 2011-இல் அவ்வாறே கூறியிருந்தது. 2021 மார்ச் 2-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதனை மாற்றியது: அது பதிப்புரிமையின் விலையன்று, பதிப்புரிமை பெற்ற பொருளின் விலை என்றது. நூலொன்றை வாங்கினால் நூல் நமது, அதனை அச்சிட்டு விற்கும் உரிமை ஆசிரியரது. அது போன்றதே இதுவும். அவ்வழக்கில் நீதிமன்றம் நான்கு வகை விற்பனைகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. அவற்றுள் நான்காவது, எந்திரத்தோடு இணைத்து ஒரே பொருளாக விற்கப்படும் மென்பொருள். நம் நண்பரின் விண்டோஸ் எந்த இனமோ அந்த இனம். தனியே விற்றதற்கும் எந்திரத்தோடு விற்றதற்கும் வரியின் கண்ணில் வேறுபாடு இல்லை என்றாயிற்று.

அப்படியானால் சரக்கை வாங்கியவர் விருப்பம்போல் வேறு எந்திரத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று வாதாடத் தோன்றும். நண்பருக்கும் தோன்றியது. ஆனால் அங்கே நீதிமன்றத்தின் முன் இருந்தது வரிக் கேள்வி; ஒப்பந்தத்தின் நிபந்தனையை மீறலாமா என்னும் கேள்வியன்று. ஜெர்மனியில் இதற்கு நெருங்கிய கேள்வியொன்று நேரே எழுந்தது. 'புதிய கணினியோடு மட்டுமே விற்க' என்று குறித்த பிரதிகளை வணிகர் ஒருவர் தனியே விற்றார். ஒருமுறை முறைப்படி விற்றுவிட்ட பிரதி பின்னர் யார் கைக்கு எப்படிப் போகவேண்டும் என்று கட்டளையிட மைக்ரோசாப்டுக்கு அதிகாரமில்லை என அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2000 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஒரே உரிமம், ஒரே எழுத்து. ரைன் ஆற்றங்கரையில் ஒரு பொருள், நம் ஊரில் வேறு பொருள். ஐரோப்பாவிலும் வாங்குவோர் எல்லா வழக்கிலும் வென்றாரல்லர். மென்பொருளோடுதான் மடிக்கணினி தருவோம் என்பது தன்னளவில் நேர்மையற்ற வாணிகம் ஆகிவிடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம், சோனி நிறுவனத்தின் வழக்கொன்றில் 2016 செப்டம்பரில் கூறியிருக்கின்றது.

நீதிமன்றப் படிகளிலிருந்து கடைவாசலுக்கு வருவோம். நண்பர் நம்மிடம் வருமுன்பே ஒரு காரியம் செய்திருந்தார். அதைச் சொல்லக் கூச்சப்பட்டார். கைப்பேசியில் கண்ட விளம்பரம் ஒன்றை நம்பி, சில நூறு ரூபாய்க்கு ஒரு 'கீ' வாங்கிப் போட்டிருந்தார். திரையின் எழுத்து மறைந்தது. மூன்றே வாரத்தில் மீண்டும் வந்துவிட்டது. இப்படி மலிவாய் விற்கும் எண்கள் பலவும், பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்க்காக மொத்தமாகப் பெற்றவற்றிலிருந்து கசிந்தவை. ஓர் எண் பலரிடம் போய்ச் சேரும். மென்பொருள் நிறுவனம் கண்டுகொண்டால் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் கதவு சாத்தப்படும். விற்றவருடைய தொலைபேசி அப்போது எடுக்கப்படுவதில்லை. கடை வைத்திருப்போர்க்கு இதில் வேறோர் ஆபத்தும் உண்டு. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவது, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். வாணிக ஆதாயத்துக்காக அல்லாவிடில் நீதிமன்றம் இரக்கம் காட்ட இடமுண்டு. மனுவுக்கு முப்பது ரூபாய் வாங்குகின்ற கடை வாணிகம் இல்லையென்று சொல்ல முடியுமா?

கோரமங்கலாவின் நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் கழித்துவிடும் மடிக்கணினிகளைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்குவோர் நம்மவருள் பலர். அவற்றில் அந்நிறுவனத்தின் மொத்த உரிமத்து விண்டோஸ் ஏறியிருக்கும். அது விற்பனையோடு வருவதில்லை. ஆயினும் கலங்க வேண்டுவதில்லை. அந்த மடிக்கணினி விண்டோஸோடு பிறந்ததாயின், பிறந்தபோது போர்டில் பொறித்த எண் அங்கேயே உறங்கிக்கொண்டிருக்கும். பிறந்தபோதிருந்த அதே வகை விண்டோஸை மீண்டும் நிறுவினால் அவ்வெண் தானே விழித்துக்கொள்ளும். கணினியோடு கட்டியதன் நன்மை இங்கே வாங்குபவர் பக்கம் சேர்கின்றது. 2011-இல் தமிழ்நாட்டு அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியைக் கையில் எடுத்துக்கொண்டு இவ்வூருக்கு வேலை தேடி வந்த இளைஞர் சிலரையும் கண்டிருக்கின்றோம். அவற்றில் விண்டோஸோடு, சென்னையில் சி-டாக் ஆக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் அந்த எந்திரத்தோடு கட்டுண்டது. 'பாஸ்' எவ்வெந்திரத்துக்கும் வரும். பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

தம் கணினியில் இருப்பது எவ்வகை என்று அறிய விரும்புவோர்க்கு ஒரு வழி சொல்கின்றோம், எழுதிக்கொள்ளலாம். விண்டோஸ் சின்னம் பொறித்த விசையையும் ஆர் என்னும் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி தோன்றும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்னும் ஐந்து எழுத்துக்களை இட்டு, ஓரிடம் விட்டு, வலப்புறம் சாய்ந்த கோடு ஒன்று இட்டு, அதனோடு ஒட்டி டி, எல், ஐ என்னும் மூன்று எழுத்துக்களை இட்டு உள்ளீட்டு விசையைத் தட்டுக. சற்றுப் பொறுத்து வரும் குறிப்பில் ஓ.ஈ.எம். என்றிருந்தால் உடன்வந்தது, ரீடெயில் என்றிருந்தால் பெரும்பாலும் தனியே வாங்கியது, வால்யூம் என்றிருந்து, கணினி நம் வீட்டினதாயின், விற்றவரை ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நன்று.

எதை வாங்குவது என்று கேட்டால் நம் கருத்து இது. மடிக்கணினிக்கு உடன்வரும் உரிமமே போதும். அதில் போர்டு போனால் பெரும்பாலும் கணினியே போயிற்று, உரிமத்தைக் காப்பாற்றி என்ன பயன்? பாகம் பாகமாக வாங்கிக் கோத்து, ஆண்டுக்கொரு பாகம் மாற்றி, பத்தாண்டு ஓட்டுகின்ற மேசைக் கணினிக்கு, விலை மிகுந்தாலும் தனி உரிமம் தகும். எஸ்.பி. சாலையில் அவ்வாறு கோத்துக் கொடுப்போர் சிலர், சிறு உற்பத்தியாளர்க்கு உரிய ஓ.ஈ.எம். பிரதியைத் தனி உரிமம்போல் பேசி விற்பதுண்டு. பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கின்றது என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

நண்பர் கடையில் இரண்டு கணினிகள். பழையதில் இருந்த விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. புதிய பதிப்பை ஏற்கும் வலுவும் அதற்கில்லை. அதில் லினக்ஸ் ஏற்றி, நகல் எடுப்பதற்கும் புகைப்படத்துக்கும் என்று ஒதுக்கினார். மனு எழுதும் கணினிக்குத் தனி உரிமம் ஒன்றை உரிய விலை கொடுத்து வாங்கி, தம் பெயரிலுள்ள கணக்கோடு அதனை இணைத்துக்கொண்டார். அடுத்த மழைக்கு இந்தப் போர்டும் போனால், வேறொன்றில் அதனை ஏற்றிக்கொள்ளலாம் அல்லவா? விலையைச் சொன்னபோது முகம் சற்றுச் சுருங்கியது. எண் அச்சிட்ட அட்டையையும் பில்லையும் சேர்த்து லாமினேஷன் போட எந்திரத்தைச் சூடாக்கினார். பில் வெப்பத்தாளில் அச்சிட்டது. சூடு பட்டால் முழுவதும் கறுத்துவிடும். அது அவர் தொழில் அவருக்குக் கற்பித்த பாடம். முதலில் அதற்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்.